புதுமாப்பிள்ளை

"பெரியவரே, உங்க நெஞ்சு எக்ஸ்ரே படம் கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கு. அப்புறம் எதுக்கு எங்க அதிகாரி மேல வழக்கு?" என்று ஆலை வக்கீல் இளக்காரமாகச் சிரித்தார்.

கூண்டில் நின்ற கிழவர் வக்கீலை விட்டுத் திரும்பினார். எதிரே உட்கார்ந்திருந்த அந்த அதிகாரியையே பார்த்தார்.

"ஆலைத் தூசி விஷம்னு எனக்குத் தெரியவே தெரியாதுன்னு சொன்னீங்களே ஐயா, பின்னே ஏன் தினமும் ஆலையிலயே குளிச்சு, உடுப்பு மாத்திட்டு வீட்டுக்குப் போனீங்க? புதுமாப்பிள்ளை கிளம்பிட்டாருடான்னு நாங்க கேலி பண்ணுவோம்."

"வீட்ல சின்னப் பிள்ளைங்க இருந்தாங்கய்யா!" என்ற அதிகாரி, சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வக்கீலின் சிரிப்பு அறுந்தது.

"அப்ப தெரிஞ்சேதான் மறைச்சிருக்கீங்க," என்று எழுதிக்கொண்ட நீதிபதி, கிழவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்னய்யா வியாதி?"

"எனக்கு ஒரு கேடும் இல்லைங்க. செத்தது என் பொண்டாட்டி. ஆலை வாசலைக்கூட மிதிச்சதில்லை. முப்பது வருஷமா என் சட்டையை உதறி உதறித் துவைச்சா."

கிழவரின் குரல் இறங்கியது.

"இப்பவும் நான் சட்டையைக் கழட்டினா, வாங்கிக்கக் கை நீட்டுறாய்யா அவ. குடுக்கத்தான் பயமா இருக்கு."