இந்த வாரத் தலைப்பு: பிரிவு

"இதெல்லாம் ஒரு படமா? த்தூ!"

திரையில் படம் விழுந்த வேகத்தில் டாக்டர் ஆனிபால் தீர்ப்புச் சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் பார்த்தது திரையை அல்ல, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த யெனியை.

யெனி ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிறவள். கீறல் விழுந்த செல்போனில் எடுத்த படங்களோடு மூன்று மாதமாகப் போட்டிக்கு வருகிறாள். செல்போன்காரியெல்லாம் நமக்குச் சமமாக உட்காருவதா என்று டாக்டருக்கு வயிற்றெரிச்சல்.

மனிசாலெஸ் ஊர்ப் புகைப்படச் சங்கத்தில் வாரம் ஒரு தலைப்பு. ஊரில் யார் வேண்டுமானாலும் சனிக்கிழமை மதியத்துக்குள் செயலாளர் ரோசால்பாவின் போனுக்குப் படம் அனுப்பலாம். சாயங்காலம் பேர் சொல்லாமல் திரையில் காட்டுவார்கள், கை தூக்கி ஓட்டுப் போடுவார்கள். ஜெயித்தது யார் என்பது அதற்கப்புறம்தான் தெரியும்.

இந்த வாரத் தலைப்பு 'பிரிவு'. இதிலும் ஜெயித்துவிட்டால் டிசம்பரில் கலாசார மண்டபத்தின் பெரிய சுவர் முழுக்க டாக்டரின் படங்கள் மட்டும்தான். மனுஷர் அழைப்பிதழுக்குக் காகிதம்கூடப் பார்த்து வைத்துவிட்டார். பல் வைத்தியம் பார்த்த காலத்தில் எல்லாரையும் வாயைத் திறக்கச் சொன்னவர், இப்போது யாரையும் வாய் திறக்க விடுவதில்லை.

காலையிலிருந்தே அவருக்குக் கடுப்பு வேறு. ட்ரைபாடையும் லென்ஸ் பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் வருவது மனைவி நோஹெமியின் வேலை. இன்று முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டாள். "உனக்கு எப்பப் பாரு ஏதாவது ஒரு நோவு" என்று எரிந்து விழுந்துவிட்டு, கேமராவை மட்டும் மாட்டிக்கொண்டு காலையிலேயே படமெடுக்கக் கிளம்பியவர், வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே சங்கத்துக்கு வந்துவிட்டார். வீட்டிலும் ஐயா அப்படித்தான். காபியோ சோறோ, கம்ப்யூட்டர் மேஜைக்கே வந்துவிட வேண்டும்.

அவர் படம் முதலிலேயே வந்து போயிருந்தது. மூடுபனிக்குள் போகும் ஒரு மலைப்பாதை. பிரிவதற்கு ஆளே இல்லாத பிரிவு! ஆனாலும் "ஆஹா, என்னா லைட்டு!" என்று நாலு பேர் சொல்லி வைத்தார்கள். சொல்லாவிட்டால் அடுத்த வாரம் அவர்கள் படத்தைக் குதறிவிடுவார்.

இப்போது திரையில் இருந்தது ஒரு சமையலறை. மேஜைமேல் மூடி வைத்த ஒற்றைத் தட்டு, அதன் பக்கத்தில் சாவிக்கொத்து. வாசலோரம் ஒரு பயணப்பெட்டி.

"பெட்டி பாதி வெட்டுப்பட்டிருக்கு. ஜன்னல் பக்கம் மொத்தமும் வெளுத்துப் போச்சு. அந்த ஓரத்துல பாருங்க, ஒரு ட்ரைபாட் சாஞ்சு நிக்குது! படத்துக்குள்ள ட்ரைபாட விட்டு வைக்கிற அறிவாளிய இப்பத்தான் பாக்கறேன்."

"எனக்கு என்னமோ பாத்ததும் நெஞ்சை அடைக்குது டாக்டர்" என்றார் தபால் ஆபீஸ் வில்மார்.

"உமக்கு டிவி சீரியல் பாத்தாலும் அடைக்கும்."

ரோசால்பா மெதுவாகச் சொன்னாள்: "போறப்பகூட யாருக்கோ சமைச்சு மூடி வச்சுட்டுப் போற மாதிரி இருக்கே..."

"எல்லாம் ஜோடனைம்மா! நாலு சாமான எடுத்து வச்சு அழ வைக்கிற வித்தை. அந்தச் சுவத்தப் பாருங்க, பாசி பிடிச்ச மாதிரி ஒரு பச்சை பெயிண்ட். எவன் வீட்டு அடுப்பங்கரையோ, கண்கொண்டு பாக்க முடியல. ஏம்மா யெனி, அரெப்பா ரொட்டி சுடறது வேற, படம் எடுக்கறது வேற. புரியுதா?"

யெனிக்கு முகம் சிவந்துவிட்டது. ஓட்டு முடியும்வரை தன் படம் எது என்று சொல்லக் கூடாது.

ஓட்டெடுப்பு நடந்தது. மூடுபனிக்கு எழுந்த கைகளை விடச் சமையலறைக்கு எழுந்த கைகள் அதிகம். சுவர் போச்சு.

"வாழ்த்துகள் யெனி" என்றார் டாக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஊர் ரசனை எந்த லட்சணத்துல இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு."

"என்னோடது அந்த நாய்க்குட்டி படம் டாக்டர். அதுக்கு ஒரு கைகூட எழும்பல" என்றாள் யெனி.

டாக்டர் திகைத்துப்போய் ரோசால்பாவைப் பார்த்தார். அவள் தன் போனைப் பார்த்துவிட்டுக் குதித்தாள்.

"டாக்டர், பரிசு உங்க வீட்டுக்குத்தான் வருது! இன்னிக்குக் கடைசி நிமிஷத்துலதான் அனுப்பியிருக்காங்க. நம்ம நோஹெமியம்மா!"

எல்லாரும் கை தட்டினார்கள். டாக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ட்ரைபாட் தூக்குகிறவளிடமா தோற்றோம்? ரோசால்பா அதற்குள் நோஹெமியைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"நோஹெமியம்மா, நீங்கதான் ஜெயிச்சீங்க! அடுத்த வாரத் தலைப்பு நீங்கதான் சொல்லணும்!"

டாக்டர் போனைப் பிடுங்கினார்.

"ஏய், உனக்கு எதுக்குடி இந்த வேல? என் சுவரக் கெடுத்துட்டியே! முழங்கால் வலின்னு பொய் சொல்லிட்டு, எவ வீட்டுக்குப் போய் இந்தக் கண்றாவிய எடுத்த?"

மறுமுனையில் இன்ஜின் இரைச்சல். அதற்கு நடுவே நோஹெமி பேசினாள்.

"நம்ம வீட்லதாங்க. பஸ் ஏறுறதுக்கு முன்னாடி."