ஒற்றைக்கால் பேய்

"முடிவை மாத்துங்க மேடம்!" தொடரின் இயக்குநர் செல்போனை மேசையில் போட்டார். "கொலை நடந்த இடத்துல எல்லாம் இடது செருப்பு மட்டும் ஏன் காணாம போகுதுன்னு ஒரு ரசிகன் எழுதிட்டான்."

"என்னன்னு?" என்றாள் கதாசிரியை.

"ஏதோ நாட்டுப்புறக் கதையில வர்ற ஒத்தக்கால் பேயாம். இடது கால் மட்டும்தான் இருக்காம். அதனால வலது கால் இல்லாத வக்கீல்தான் கொலைகாரனாம். குட்டு உடைஞ்சு போச்சு!"

"மாத்த மாட்டேன்."

"சேனல்காரங்க உங்களைத் தூக்கிடுவாங்க."

"தூக்கட்டும். ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன்."

"என்ன வீம்பு இது? ஊரறிஞ்ச பேய்க்கதை!"

"எந்த ஊரு சார் அறிஞ்சுது? வாசல்ல செருப்பைக் கண்டபடி கழட்டிப் போடக்கூடாதுன்னு எங்கம்மா எங்களுக்குக் கட்டிவிட்ட கதை அது. கேட்டது ரெண்டே பேர். நான் ஒருத்தி."

"இன்னொருத்தர்?"

"கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போன என் தம்பி. அவன் கண்ணுல படணும்னுதான் இந்தத் தொடரையே எழுதினேன்."

தன் செல்போனை எடுத்து, அந்த ரசிகனின் பதிவுக்குக் கீழே தட்டினாள்:

"கதவு திறந்துதான்டா இருக்கு. செருப்பை மட்டும் உள்ளே வந்து கழட்டு."