பிடில் விழாத மைக்

கல்பாத்தி தேர்த் திருவிழாவில் தன் கச்சேரியை டேப்பில் பிடிக்க மைக் வாங்க வந்த பாட்டுக்காரர் சாம்பசிவன், ரேடியோக் கடையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

“இந்த மலிவு மைக் வாய்க்கு நேரே உள்ளதைத்தான் பிடிக்கும், மாமா. கொஞ்சம் காசு கூடப் போட்டா பிடிலும் விழும்,” என்றான் டேப் எடுக்கக் கூட வந்திருந்த ரிக்கார்டர்காரன் வெங்கிடாசலம்.

“அந்தத் துரோகியோட பிடில் எனக்கு என்னத்துக்குடா? கோவில்காரா ஏற்பாடு, அதனால பக்கத்துல உக்காரறான். பம்பாய் சபாக்கு அனுப்பற டேப்புல என் சாரீரம் மட்டும் இருந்தா மதி, அது போறும்!”

துரோகி என்றது சொந்தத் தம்பி சுந்தரராமனை. பாகப்பிரிவினைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தம்பி வாயைத் திறந்தாலே அண்ணன் எழுந்து போய்விடுவார்.

கச்சேரியில் சாம்பசிவன் உச்ச ஸ்தாயிக்கு ஏறியபோதெல்லாம் கூட்டம் கைதட்டி ஓயவில்லை.

மறுநாள் டேப்பை ஓடவிட்டார்கள். உச்சிக்குப் போகும் இடத்திலெல்லாம் குரல் கம்மி, வெறும் காற்றுதான் வந்தது.

“என்னடா இது? மைக் கோளாறா?”

“இல்லே மாமா. அங்கெல்லாம் உங்க தம்பிதான் பிடிலால எடுத்துண்டு போனார். கைதட்டல் அதுக்காக்கும்.”

சாம்பசிவன் முகம் கறுத்தது.

“சண்டாளன்! என் குரல் போனது அவனுக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னானா, பாரு!”