தும்புத்தடி எட்டாத கொப்பு

வடதுருவத்தை ஒட்டிய அந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில், வாசலில் நின்ற இடுப்பளவு ஊசியிலை மரத்தைப் பார்க்க யோகராணிக்குப் பாவமாக இருந்தது. "இந்தச் சனியன் பிடிச்ச பனி உன்னை மூச்சுவிட விடாது" என்று தினமும் காலையில் வாசல் கூட்டும் தும்புத்தடியால் அதை மூடியிருக்கும் பனியைத் தட்டிவிடுவாள். வைகாசியில் பனி கரைந்தபோது மரம் துருப்பிடித்த கம்பிபோலக் காய்ந்து நின்றது.

கணவன் அமிர்தநாதன் ஒரு கொப்பை முறித்துப் பார்த்தான்.

"நீர் பாவம் பார்த்ததுதான் பிழை. இஞ்ச பனிதான் மரத்துக்குப் போர்வை. பனிக்கு வெளியில தலை நீட்டினதைக் காத்து உலர்த்திப் போடும். அதாலதான் நூறு வருசமாகியும் இது இடுப்புக்கு மேல வளரேல்லை."

அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் குனிந்து தேடினாள். தும்புத்தடி எட்டாத அடிப்பக்கத்தில், நிலத்தோடு ஒட்டியபடி ஒரேயொரு கொப்பு பச்சையாகக் கிடந்தது. கோடை முழுவதும் வெயில் குடித்து அது ஒரு நகமளவு வளர்ந்தது. அந்த நகமளவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஐப்பசியில் முதல் பனி விழுந்தது. யோகராணி தும்புத்தடியைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"வாங்கோ" என்றாள்.