மூணும் தப்பு

“மூணே மூணு வகை. அதைக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியலையாடா உனக்கு?”

ஹபீபுல்லா மாமா லேப்டாப்பை மூடிய வேகத்தில் தொட்டிலில் குழந்தை வீறிட்டது. ரிஃபானா ஓடிப்போய் ஆட்டினாள்.

அவள் கணவன் கலீல் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். துவாக்குடியில் ஒரு பட்டறையில் மெஷின் ஓட்டுகிறவன். ஆழ்கடலில் தாது எடுக்கும் கம்பெனியில் வேலை இருக்கிறது என்று மாமாதான் நாலு பேரைப் பிடித்து, லேப்டாப்பில் இப்போது முடிந்த இன்டர்வியூ வரை கொண்டுவந்திருந்தார். தேறினால் ஆறு மாதம் கப்பல். மேலே உட்கார்ந்தபடி, கடலடியில் மெஷினை ஓட்ட வேண்டும்.

“ஒரு வாரமா உன்னைக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. கடல் தரையில உருளைக்கிழங்கு மாதிரி கிடக்குறதை உறிஞ்சணும். கடலுக்குள்ள இருக்குற மலையில பத்துப் போட்ட மாதிரி ஒட்டியிருக்குறதைச் சுரண்டணும். வெந்நீர் ஊத்துப் பக்கம் புகைபோக்கி மாதிரி நிக்கிறதை வெட்டணும். நீ என்ன சொன்ன? கிழங்கை வெட்டணும், மலையை உறிஞ்சணும், ஊத்தைச் சுரண்டணும்! அந்த ஆபீசர் சிரிச்சுட்டாரு.”

“பதட்டத்துல குழம்பிடுச்சு மாமா.”

“மலையை உறிஞ்சறதுக்கு அதென்ன ரசமாடா?” சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள் கலீலின் அம்மா ஆபிதா. “பத்து மாசம் சுமந்தேனே, மண்டைக்குள்ள கொஞ்சம் ஏதாச்சும் வெச்சுப் பெத்திருக்கக் கூடாதா!”

ரிஃபானாவுக்கு உள்ளுக்குள் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று வந்துவிட்டது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

போன வாரம் “எவ்வளவு ஆழங்க?” என்று அவள் கேட்டபோது, “சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேருந்து ஸ்ரீரங்கம் எவ்வளவு தூரமோ, அவ்வளவு” என்று கலீல் விளையாட்டாகச் சொன்னான். மெஷின்தான் கீழே போகும், மனுஷன் போகமாட்டான் என்றும் சொன்னான். அன்றைக்குப் போன தூக்கம் திரும்பவில்லை. ஏழு மாதக் குழந்தை, ஆறு மாதக் கடல். ஆனால் வாயைத் திறந்து சொன்னது ஒன்றுதான்: “தைரியமா போயிட்டு வாங்க.”

வேறென்ன சொல்வது? “கப்பலுக்குப் போற புள்ளையைப் பெத்தவ நான்” என்று மாமியார் ஆபிதா தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

மாமாவின் பார்வை இப்போது தொட்டில் பக்கம் திரும்பியது.

“ஏம்மா, நீ ஏதும் போகாதீங்கன்னு கண்ணைக் கசக்கினியா? அதான் இவன் புத்தி தடுமாறிப் போச்சா?”

ரிஃபானா தொட்டிலை இன்னும் வேகமாக ஆட்டினாள்.

“அவளை ஏண்ணே கேக்குறீங்க?” ஆபிதா குறுக்கே பாய்ந்தாள். “பிளஸ் டூவுல ரெண்டு தடவை ஃபெயிலானானே, அப்ப என்ன பொண்டாட்டியா கண்ணைக் கசக்கினா? இவன் மண்டை அப்படி!”

“இனிமே இவனுக்காக எவன்கிட்டயும் போய் நிக்க மாட்டேன்.” மாமா டீயைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டார்.

ஆபிதா வாசலுக்கே போய் நின்றாள். ஸ்கூட்டர் பாலக்கரை ரோட்டில் திரும்பி மறையும்வரை மகனைத் திட்டினாள். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது.

ரிஃபானாவால் தாங்க முடியவில்லை. தன்னால்தான் அவன் மனசு கலங்கியது, திட்டு மட்டும் அவனுக்கா? ‘பயந்தது நான்தான் மாமி, என்னைத் திட்டுங்க’ என்று சொல்லிவிட வேண்டியதுதான். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள்.

உள்ளே மாமி மகனுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“மாமா நம்பிட்டாராம்மா?” கலீலின் குரல் கிசுகிசுத்தது.

“எங்க நம்புறது! தொண்டை வத்துற அளவுக்குக் கத்தினேன். ஏண்டா, ரிஃபானா புள்ள ஒரு வாரமா பயத்துல தூங்கலை, ஏதாச்சும் ஒண்ணை மாத்திச் சொல்லித் தொலைன்னுதானே சொன்னேன்? மூணையுமாடா மாத்திச் சொல்லுவ!”