பிறக்காத வெள்ளைக்குட்டி

ராஜபாளையத்தில் நாய் வளர்க்கும் ஜெகநாத ராஜா, தன் நாய்களை இணை சேர்க்க அனுமதி கேட்டு மனைவி பத்மாசினியோடு கால்நடை அலுவலகத்துக்கு வந்திருந்தார். ஆணும் பெண்ணும் அப்பழுக்கில்லாத வெள்ளை. அப்படியொரு ஜோடிக்காக ஒன்பது வருடம் காத்திருந்தவர் அவர். பிறக்கப்போகும் குட்டியாக ஒரு மணி நேரம் கனவில் வாழ்ந்து பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட முடியும் என்பது சட்டம்.

பெண் அலுவலர் நெற்றியில் கனவுப் பட்டையைக் கட்டியதும் ராஜாவுக்குக் கண் சொக்கியது.

மாந்தோப்புக்குள் நான்கு கால்களால் ஓடிக்கொண்டிருந்தார். மேற்கே மலை நீலமாக மிதந்தது. ஈரமண் வாசனை மூக்கை நிறைத்தது. கிளைகள் காற்றில் சத்தமே இல்லாமல் ஆடின. தூரத்தில் பத்மாசினி சோற்றுத்தட்டோடு நின்று வாயை அசைத்தாள். மறுபடியும் அசைத்தாள்.

விழித்ததும், "அதுக்குக் காது கேக்காது," என்றார்.

"காதுதானே சார்! சுத்த வெள்ளைக் குட்டிங்களுக்கு அப்படி ஆகறதுதான். நிறையப் பேர் பரவாயில்லன்னு கையெழுத்துப் போட்டுடறாங்க," என்றார் அலுவலர்.

"குட்டி பயந்துச்சாங்க?" என்று கேட்டாள் பத்மாசினி.

"இல்ல. நீ கூப்பிட்டுக்கிட்டே இருந்த. அது உன் வாயையே பாத்துக்கிட்டு வாலை ஆட்டிக்கிட்டு நின்னுச்சு."

ராஜா விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இருவரும் வெயிலில் நடந்தார்கள். பேருந்து நிறுத்தம் வந்ததும் பத்மாசினி கேட்டாள்.

"அந்தக் குட்டிய நான் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டேன்?"

"அதான் கேக்கலையே," என்றார் ராஜா.