பொருந்தும் எண்கள்

கடைசித் திருகாணி ஒன்றுதான் பாக்கி.

லைல் ஹாகன் துப்பாக்கியை நிலவறை மேசைமேல் கம்பளித் துணி விரித்துக் கிடத்தியிருந்தான். ஜப்பானியக் குதிரைப்படையின் கார்பைன். மற்ற துப்பாக்கிகளைவிட முக்கால் முழம் குட்டை.

நாலு வருஷம் ஆகிவிட்டது. குழல் வளையம் ஒஹையோவிலிருந்து வந்தது. துடைக்கும் கம்பி, டகோமாவில் ஒரு விதவையின் பரணிலிருந்து. அதே காலம், அதே ஆலை. நகல் எதையும் அவன் தொடவில்லை. "பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கு" என்ற கடைக்காரனிடம் அதற்குப்பின் பேச்சே வைத்துக்கொள்ளவில்லை.

நாளைக் காலை படைவீரர் மன்றத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் அது போயாகவேண்டும். அட்டைகூட எழுதியாகிவிட்டது.

'ஆர்வின் ஹாகன், படைச் சமையல்காரர். சசேபோ துறைமுகத்தில் ஆயுதக் குவியலிலிருந்து எடுத்தது. அக்டோபர் 1945.'

அப்பா சொன்னது அவ்வளவுதான். லூஸான் தீவுச் சண்டை முழுக்கப் பின்வரிசையில் சமைத்தேன், எனக்குக் கரண்டிதான் ஆயுதம் என்பார். சண்டை முடிந்த பிறகு துறைமுகத்தில் ஒரு பக்கம் துப்பாக்கி மலை, இன்னொரு பக்கம் அவற்றிலிருந்து உருவிப்போட்ட போல்ட்டுகளின் மலை. ஆளுக்கு அதில் ஒன்று, இதில் ஒன்று.

ஆலையில் உடம்புக்கும் போல்ட்டுக்கும் ஒரே எண்ணைத்தான் பொறிப்பார்கள்; துறைமுகத் துப்பாக்கிகளில் அது பொருந்தாது. இதிலும் பொருந்தவில்லை. உடம்பில் 437. கைப்பிடியோடு முன்னும் பின்னும் ஓடும் அந்த இரும்பு உருளையில், போல்ட்டில், 086.

உடம்பின்மேல் இருந்த சாமந்திப் பூ முத்திரையும் அராவப்பட்டிருந்தது. அரசரின் பூ எதிரி கைக்குப் போகக்கூடாதென்று சரணடையும் முன் அவர்களே அழித்துவிடுவார்கள்.

பூவும் இருந்து எண்ணும் பொருந்தினால் அது வேறு கதை. அது செத்தவன் கையிலிருந்து எடுத்தது.

"இதை அராவுனவன் இடக்கைக்காரன்டா. கோடு எந்தப் பக்கம் சாயுது பாரு" என்றான் ஒருமுறை மன்றத்து வர்னன்.

"ஏன், ஜப்பான்ல இடக்கைக்காரனே கிடையாதா?" என்றான் லைல்.

இருவரும் சிரித்தார்கள்.

படிக்கட்டு முனகியது. அக்கா ஆர்டிஸ், அப்பாவின் மீன்பிடிப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் இறக்கினாள்.

"இந்தா. உலகத்துத் திருகாணி எல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கும். இந்த இரும்புக்குப் பண்ணுன சேவையில பாதி பண்ணியிருந்தாலும் உன் பொண்டாட்டி ஓடியிருக்கமாட்டா."

"அவ ஓடுனது உன் சமையலுக்குப் பயந்து."

அவள் அட்டையை எடுத்துப் படித்தாள். விரல் ஒரு சொல்லில் நின்றது.

"சமையல்காரர்னு இன்னும் பெருசா எழுதக்கூடாதா? ஆளைக் கொன்னுட்டு வந்து பீத்திக்கிட்டவனுங்க நடுவுல, நம்ம அப்பா கை சுத்தம்டா. ஊரே படிக்கட்டும்."

கேக் வெட்டி எடுத்துவர மேலே போனாள்.

லைல் பெட்டியைக் கிளறினான். தூண்டில் முள், தக்கை, துருப்பிடித்த குறடு. அடியில் ஆழம் பார்க்கும் குண்டு. கறுப்பு நாடா சுற்றி, நீளக் கயிறு கட்டியது.

ஜனவரியில் ஏரிப் பனியில் துளை போட்டதும் அப்பா முதலில் இறக்குவது இதைத்தான். அடியைத் தொட்டுவிட்டது தெரிந்தாலும் உடனே இழுக்கமாட்டார். கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார், கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கயிற்றை மட்டும் யார் கையிலும் கொடுத்ததில்லை.

நாடா இற்றுப்போய் ஒரு பக்கம் உரிந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு குமிழ் எட்டிப்பார்த்தது. சின்ன பிளம் பழம் போல.

அந்தக் குமிழை லைலின் விரல்களுக்குத் தெரியும். நாலு வருஷமாக 086-இன் கைப்பிடி முனையில் அதே போன்ற ஒன்றைத்தான் அவை பிடித்துக்கொண்டிருக்கின்றன.

கத்தியால் நாடாவைக் கீறி எடுத்தான். சுற்றுச் சுற்றாக வந்தது. அதன் அடியில் மெழுகுத் துணி. அதன் அடியில் கொழுப்பு பூசிய இரும்பு, துருவின் நிழல்கூடப் படாமல்.

கொழுப்பைக் கட்டைவிரலால் வழித்தான்.

437.

மேலே ஆர்டிஸ் தட்டுகளை எடுக்கும் ஓசை கேட்டது.

பிறகு 086-ஐ உருவி வைத்துவிட்டு இதை நுழைத்தான். சத்தமே இல்லாமல் போய் மூடிக்கொண்டது.

அப்பா அந்தக் குவியலுக்குப் போனது உண்மைதான். அங்கே அவர் எடுத்தது 086 ஒன்றைத்தான். துப்பாக்கி அதற்கு முன்பே அவர் கையில் இருந்தது.

திரும்ப நாடாவைச் சுற்றிப் பெட்டிக்குள் போட்டுவிடலாம். திருகாணி கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

நகல் எதையும் அவன் தொட்டதில்லை.

அட்டையை நாலாகக் கிழித்தான். புதியது ஒன்றை எடுத்து ஒவ்வொரு எழுத்தாக எழுதினான்.

'ஆர்வின் ஹாகன். லூஸான், 1945. எல்லா எண்களும் பொருந்துகின்றன.'

வர்னன் இதைப் படித்ததும் தொப்பியைக் கழற்றிவிடுவான். ஒன்றும் கேட்கமாட்டான்.

ஆர்டிஸ் இறங்கி வந்தாள்.

"திருகாணி கிடைச்சுதா?"

தேடவே மறந்துவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவள் குனிந்து அட்டையைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"சமையல்காரர் எங்கடா?"

"முதல்ல உக்காரு, ஆர்டிஸ்."

உட்காராமலே கேக் தட்டை அவனிடம் நீட்டினாள். இடது கையால். அந்தக் கைப்பழக்கம் அவளுக்கு அப்பாவிடமிருந்து வந்தது.